பழைய கணினிகள்: மீட்பு எங்கே முடிகிறது, மாற்றம் எங்கே தொடங்குகிறது

நாற்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்த கணினி ஒன்று கைக்கு வந்தால், எல்லோருக்கும் முதலில் எழும் ஆசை அதை மின்சாரத்தில் செருகிப் பார்ப்பதுதான். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதில் தொடங்குகிறது இந்தப் பொழுதுபோக்கு. கடைசியாக அணைக்கப்பட்ட நாளில் அந்தக் கணினி நன்றாகவே இயங்கியிருக்கலாம். ஆனால் அணைந்து கிடந்த காலமெல்லாம் உள்ளே வேதிவினைகள் ஓயவில்லை. பேட்டரி கசிந்துகொண்டிருந்தது, மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரின் ரப்பர் அடைப்பு இளகிக்கொண்டிருந்தது, பிளாஸ்டிக் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

1981இல் வெளிவந்த பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்வோம். அதன் பவர் சப்ளையில், மின்சாரம் நுழையும் இடத்திலேயே, இரைச்சலை வடிகட்டுவதற்காகக் காகிதத்தால் ஆன கெப்பாசிட்டர்களைப் பொருத்தியிருப்பார்கள். ஒளி ஊடுருவும் எபாக்சி உறைக்குள் அவை பார்க்க அழகாகவே இருக்கும். காலப்போக்கில் அந்த உறையில் மயிரிழை விரிசல்கள் விழும். விரிசல் வழியே காற்றின் ஈரம் காகிதத்தில் ஏறும். பிறகு ஒருநாள் மின்சாரம் கொடுத்தால், சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ படாரென்று வெடித்து அறை முழுவதும் கடும் புகையைக் கிளப்பும். கணினியின் மற்ற பாகங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மலிவான பாகம் அது. முன்கூட்டியே மாற்றிவிடுவதே நல்லது.

கொமடோர் 64இன் கதை இதைவிடக் கொடியது. 1982இல் வந்த அந்தக் கணினிக்கு 5 வோல்ட் நேர் மின்சாரமும் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரமும் வெளியே தனிப் பெட்டியிலிருந்து வரும். அந்தப் பெட்டிக்குள் மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டர் பழுதானால் மின்னழுத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுவதுண்டு. 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் மெமரி சிப்கள் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். பல பெட்டிகளின் உட்புறம் முழுவதும் எபாக்சி ஊற்றி இறுக்கப்பட்டிருப்பதால் திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. மல்டிமீட்டரில் இன்று சரியான அளவு காட்டுகிற பெட்டி நாளையும் அப்படியே காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அசல் பெட்டியைச் சேகரிப்பில் அலமாரியில் வைக்கலாம். கணினியில் செருகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிதாகச் செய்த பவர் சப்ளையோ, அழுத்தம் எல்லை மீறினால் உடனே துண்டித்துவிடும் சிறு காப்புச் சுற்றோ இல்லாமல் அந்தக் கணினியை இயக்குவது வீண் துணிச்சல்.

அறியாத பவர் சப்ளையைச் சோதிக்க ஒரு பழைய உபாயம் இருக்கிறது. மின்சார வழியில் ஒரு இழை பல்பைத் தொடராக இணைத்துவிடுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும், மின்னோட்டம் அதற்குமேல் ஏறாது. சரியாக இருந்தால் ஒருமுறை மினுங்கிவிட்டு மங்கிவிடும். ஃபியூஸ் போகும்வரை காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மின்சாரத்துக்கு அடுத்த எதிரி பேட்டரி. நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பதற்காக 1980களின் பிற்பகுதி, 1990களின் தொடக்கக் கால மதர்போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்தே விட்டார்கள். அமிகா 2000, அமிகா 500 பிளஸ், எண்ணற்ற 386, 486 போர்டுகள் எல்லாம் இப்படித்தான். அதிலிருந்து கசியும் காரக் கரைசல் செம்புத் தடங்களை அரிக்கும், சிப் சாக்கெட்டுகளின் கால்களில் ஏறும், போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் பரவும். பேட்டரியை வெட்டி எடுத்த பிறகும் வினை நிற்பதில்லை. மென்மையான அமிலத்தால் அந்தக் காரத்தைச் சமன்படுத்த வேண்டும். வெள்ளை வினிகரே போதும். பிறகு நன்றாகக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தி, அரிக்கப்பட்ட தடங்களை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பழைய மேக்கின்டாஷ்களில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி வெடித்துக் கசிந்தால் மதர்போர்டோடு உலோகச் சட்டமும் துருப்பிடித்துப் போகிறது. இப்படிப்பட்ட ஒரு கணினி உங்கள் வீட்டில் எங்காவது கிடந்தால், பழுதுபார்க்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அந்தப் பேட்டரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

கெப்பாசிட்டர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய கணினி என்றாலே எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்ற வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. உண்மை அப்படி இல்லை. 1980களின் தொடக்கத்தில், போர்டில் துளையிட்டுக் கால்களைச் செருகிப் பொருத்திய கெப்பாசிட்டர்கள் பலவும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. உண்மையான ஆபத்து அதற்குப் பின் வந்த, போர்டின் மேற்பரப்பில் ஒட்டவைக்கப்பட்ட சின்னஞ்சிறு அலுமினியக் குப்பிகளில்தான். 1989இன் மேக்கின்டாஷ் எஸ்இ/30, 1992இன் அமிகா 600, அமிகா 1200 போன்றவற்றில் அவை ஏறக்குறைய எல்லாமே கசிந்திருக்கும் என்று கொள்ளலாம். பார்வைக்குப் பழுது தெரியாது. சுற்றியுள்ள சால்டர் மட்டும் பளபளப்பிழந்து சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும். சால்டரிங் முனையை வைத்ததும் எழுகிற மீன் வாடை, திரவம் வெளியேறிவிட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் திரவம் பாகங்களைச் சால்டர் செய்யும் செம்புத் திண்டுகளின் பிடிப்பையும் தளர்த்தியிருக்கும், ஆகவே அவசரப்பட்டு இழுத்தால் திண்டே பெயர்ந்து கையோடு வந்துவிடும். கெப்பாசிட்டரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. அடியில் இருக்கும் திண்டைக் காப்பாற்ற வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் முதலில் உபயோகமற்ற போர்டுகளில் பழகிக்கொள்வது அவசியம்.

வெளியுறையின் மஞ்சள் நிறம் இவற்றோடு ஒப்பிட்டால் சிறிய விஷயம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்களையே பொதுவாகக் குற்றம் சொல்கிறார்கள்; பிளாஸ்டிக் தானே ஆக்சிஜனோடு வினைபுரிவதற்கும் அதில் பங்கு உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசிப் புறஊதா ஒளியில் வைத்தால் நிறம் திரும்பும் என்ற முறை 2008 வாக்கில் ரெட்ரோபிரைட் என்ற பெயரில் பரவியது. பலன் கண்கூடானதுதான். ஆனால் சீராகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். சீராகச் செய்தாலும் சில ஆண்டுகளில் மஞ்சள் மறுபடி ஏறுவதுண்டு. திட்டான வெளுப்பைவிடச் சீரான மஞ்சள் எவ்வளவோ அழகு என்பேன்.

இவ்வளவு சீர்குலைந்த இயந்திரங்களை வீட்டு மேசையில் வைத்துத் தனியொருவர் பழுதுபார்க்க முடிகிறதே, அது எப்படி? 1975இல் வந்த 6502 பிராசசரில் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள் மட்டுமே உண்டு. அதே குடும்பத்துச் சிப்தான் ஆப்பிள் 2, பிபிசி மைக்ரோ, கொமடோர் 64 எல்லாவற்றிலும் இயங்கியது. பிற்காலத்தில் ஆர்வலர்கள் அதன் உறையைக் கரைத்து, உள்ளே இருக்கும் சிலிக்கானைப் படமெடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் கணினித் திரையில் இயங்கவைத்துக் காட்டிவிட்டார்கள். இந்தக் கணினிகளைச் செய்தவர்களும் எதையும் மறைக்கவில்லை. ஆப்பிள் 2இன் கையேட்டில் மின்சுற்று வரைபடமும் ரோமில் (அழியாத நிரலைத் தாங்கிய சிப்பில்) இருந்த நிரலின் வரிகளும் அச்சாகியிருந்தன. கொமடோர் 64இன் நிரலாளர் கையேட்டின் பின்புறத்திலும் மடித்த சுற்று வரைபடம் இருந்தது. வாங்கியவர் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்தே இவற்றைச் செய்தார்கள். ஒரு கணினியை மேலிருந்து அடிவரை ஒரே மனிதர் புரிந்துகொள்ளக்கூடிய கடைசித் தலைமுறை இது. இந்தப் பொழுதுபோக்கில் என்னைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான்.

பழுது தேடுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் மின்னழுத்தங்கள், பிறகு கடிகாரத் துடிப்பு, பிறகு ரீசெட் கம்பி, அதன் பிறகே முகவரிக் கம்பிகளும் தரவுக் கம்பிகளும். மின் துடிப்புகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் சௌகரியம். இல்லாவிட்டாலும் கணினியே பல குறிப்புகள் தரும். அமிகா இயங்கத் தொடங்கும்போது திரை பச்சையாக நின்றுவிட்டால் மெமரிக் கோளாறு, சிவப்பாக நின்றால் ரோமில் கோளாறு, மஞ்சள் என்றால் பிராசசர் எதிர்பாராத பிழையில் விழுந்திருக்கிறது. கொமடோர் 64 வெறும் கறுப்புத் திரையைக் காட்டினால், டெட் டெஸ்ட் என்ற சோதனை கார்ட்ரிட்ஜைச் செருகுவார்கள். அது மெமரியையே நம்பாமல் இயங்கும். எட்டு மெமரி சிப்களில் எது செத்தது என்பதைத் திரை எத்தனை முறை மின்னுகிறது என்ற கணக்கில் சொல்லிவிடும்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் தரும் பாடம் வேறு. 1982இல் வந்த அந்தக் கணினியில் முதல் 16 கேபி மெமரிக்கு 4116 வகைச் சிப்கள் எட்டு. அவற்றுக்கு +5, +12, -5 என்று மூன்று மின்னழுத்தங்கள் தேவை. போர்டில் ஒரு சிறு டிரான்சிஸ்டரும் ஒரு சுருளும் சேர்ந்த சுற்றுதான் உள்ளே வரும் ஒரே 9 வோல்ட்டிலிருந்து கூடுதல் அழுத்தங்களை உண்டாக்குகிறது. வரைபடத்தில் அந்த டிரான்சிஸ்டரின் பெயர் டிஆர்4. அது போனால் -5 வோல்ட் போகும். -5 இல்லாமல் +12 மட்டும் இருந்தால் 4116 சிப்கள் சேதமாகும். சேதமான மெமரி சிப் ஷார்ட்டாகி, புதிதாகப் போட்ட டிஆர்4ஐயும் கொன்றுவிடும். எனவே அந்த டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு மின்சாரம் கொடுப்பவர் அதே பழுதுக்குத் திரும்ப வருகிறார். எது காரணம், எது விளைவு என்று யோசிக்கப் பழக்குகிற இதுபோன்ற சுற்றுகளே இந்தத் துறையின் உண்மையான பள்ளிக்கூடம்.

பழுது எதுவென்று தெரிந்த பிறகு வரும் கேள்வி, மாற்றுப் பாகம் எங்கே? சாதாரண லாஜிக் சிப்களும் மெமரி சிப்களும் இன்னும் கிடைக்கின்றன. 6502இன், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் வடிவம் இன்றும் தயாரிக்கப்படுகிறது. 1976இல் பிறந்த இசட்80இன் அசல் வரிசைக்குக் கடைசி ஆர்டர்களை 2024 ஜூன் வரை மட்டுமே பெறுவதாக சைலாக் நிறுவனம் அறிவித்தபோது, ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. ஆயினும் இருப்பில் உள்ளவை ஏராளம். நெருக்கடி எல்லாம் ஒரே ஒரு கணினிக்காகச் செய்யப்பட்ட தனிச் சிப்களில்தான். கொமடோர் 64இன் முகவரிகளைப் பிரித்துக்கொடுக்கும் பிஎல்ஏ சிப் அடிக்கடி போகும். அதன் வேலையை இன்றைய நிரல்படு சிப்கள் தடையின்றிச் செய்கின்றன. அதே கணினியின் ஒலிச் சிப்பான சிட் விஷயம் கடினம். அதன் உள்ளே அனலாக் ஃபில்டர் இருக்கிறது. அதன் ஒலி ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் வேறுபடும். மைக்ரோகன்ட்ரோலர்களைக் கொண்டும் உள்சுற்றை நிரலால் அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்களைக் கொண்டும் செய்த மாற்றுகள் நெருங்கி வந்திருக்கின்றன. காது கூர்மையானவர்கள் இன்னும் வித்தியாசம் சொல்வார்கள்.

இங்கேதான் மீட்பவர்களுக்கும் மாற்றுபவர்களுக்கும் இடையிலான நெடுநாள் வாதம் வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே கணினி இருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. தாராளமாக மாற்று, வேகம் கூட்டு, புதிய மானிட்டரில் இணை என்பது இன்னொரு தரப்பு. இந்தப் பிரிவினையே தவறான இடத்தில் கோடு போடுகிறது என்பது என் எண்ணம். புதிய கெப்பாசிட்டர் போட்ட கணமே அது தொழிற்சாலை நிலை இல்லை. பிஎல்ஏ இருந்த இடத்தில் இந்த நூற்றாண்டின் சிப் உட்கார்ந்திருக்கிறது. மாற்றாமல் மீட்கவே முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செய்ததை நாளை வேறொருவர் திருப்பி எடுக்க முடியுமா?

அப்படிப் பார்த்தால், பெரிய மாற்றம் என்று தோன்றுவது சில சமயம் ஒன்றுமே இல்லை. அமிகா 500இல் 7 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68000 பிராசசர் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியைச் சுமந்த பைஸ்டார்ம் போர்டை அதே சாக்கெட்டில் செருகினால் கணினி பல மடங்கு வேகம் பெறும். படமும் ஒலியும் அமிகாவின் சொந்தச் சிப்களிலிருந்தே வரும். சால்டர் ஒரு துளிகூடத் தேவையில்லை. கழற்றினால் பழைய கணினி அப்படியே இருக்கும். ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக யூஎஸ்பி நினைவகத்தைப் படிக்கும் கோடெக் பெட்டியும் அதே ரகம்தான். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை ஓர் எளிய இணைப்பானோடு செருகிவிடலாம், ஏனென்றால் அந்த அட்டை ஐடிஇ என்ற பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பின் மொழியையே பேசுகிறது. ஸ்பெக்ட்ரத்தின் படத்தை டிவி அலைவரிசையாக மாற்றும் மாடுலேட்டருக்குள் ஓரிரு கம்பிகளை இடம் மாற்றினால் அதே துளையிலிருந்து நேரடி வீடியோ வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அதே அளவுகோலில், சிறிய மாற்றம் என்று தோன்றுவது பெரும் சேதமாகிவிடும். எச்டிஎம்ஐ இணைப்புக்காக வெளியுறையில் துளை போடுவது அப்படிப்பட்டது. பெரும்பாலான உறைகளை வார்த்த அசல் அச்சுகள் இன்று கிடைப்பதில்லை. போட்ட துளையை மூட வழியில்லை. அதைவிட வருந்த வேண்டியது, நல்ல நிலையில் இருக்கும் கணினியிலிருந்து சிட் சிப்பைப் பிடுங்கி சின்தசைசரில் வைப்பதும், பழைய டெர்மினல்களின் விசைப்பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுவதும். ஒரு சிப்புக்காகவோ சில விசைகளுக்காகவோ முழு இயந்திரத்தையும் இழக்கிறோம். செத்துப்போன போர்டிலிருந்து எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. உயிரோடு இருப்பதை அறுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இடைப்பட்டவையும் உண்டு. 1980களின் இறுதியில் வந்த டாலஸ் கடிகாரச் சிப்பின் உள்ளேயே லித்தியம் பேட்டரியை வைத்துப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டார்கள். வடிவமைப்பின்படி அதன் ஆயுள் பத்தாண்டு. தீர்ந்ததும் கணினி நேரத்தை மறக்கும், டிஸ்க் அமைப்பை மறக்கும், சில கணினிகள் இயங்கவே மறுக்கும். ஆர்வலர்கள் அந்தச் சிப்பின் பக்கவாட்டை மெல்ல அரத்தால் ராவுவார்கள். பிளாஸ்டிக் தூளாக உதிர உதிர, பேட்டரிக்குப் போகும் இரண்டு உலோக நரம்புகள் மின்னத் தொடங்கும். ஒரு நரம்பை அறுத்துச் செத்த பேட்டரியைத் துண்டித்து, அங்கே இரண்டு கம்பிகளை வைத்து, நாணய வடிவ சிஆர்2032 பேட்டரிக்கான பிடியைச் சால்டர் செய்வார்கள். ராவியதைத் திருப்பி எடுக்க முடியாதுதான். ஆனால் எப்படியும் செத்துவிட்ட பாகத்தில் செய்கிற வேலை இது, அடுத்த முறை பேட்டரியைக் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். இதை நான் மீட்பு என்றே சொல்வேன்.

அருங்காட்சியகங்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. பிரிட்டனில் பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் இரண்டு இயந்திரங்கள் இரு துருவங்களாக நிற்கின்றன. ஒன்று, 1951இல் இயங்கத் தொடங்கிய ஹார்வெல் டெக்கட்ரான். எண்களைச் சேமிக்க நியான் ஒளிரும் டெக்கட்ரான் குழாய்களைப் பயன்படுத்திய 2.5 டன் எடையுள்ள அந்தக் கணினியை, முடிந்தவரை அசல் பாகங்களைக் கொண்டே 2012 நவம்பரில் மீண்டும் இயக்கினார்கள். மற்றொன்று, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ். போர் முடிந்ததும் பெரும்பாலானவை பிரித்துப் போடப்பட்டு வரைபடங்களும் எரிக்கப்பட்டுவிட்டதால், எஞ்சிய புகைப்படங்களையும் பழைய பொறியாளர்கள் வைத்திருந்த சுற்றுத் துணுக்குகளையும் கொண்டு டோனி சேலும் குழுவினரும் 1993 முதல் உழைத்து 2007இல் முழுதாகக் கட்டி முடித்தார்கள். முதலாவதில் அசல் பொருளே பெருமை. இரண்டாவதில் பொருள் புதிது, இயக்கம்தான் பழையது. இரண்டையும் பார்க்கிறவர் கற்றுக்கொள்வது குறைவில்லை.

பழைய கணினியைப் புதிய கணினியில் மென்பொருளாகவே இயங்கவைக்கும் எமுலேட்டர் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வைஸ், மேம் போன்ற எமுலேட்டர்கள் அற்புதமானவை. பெரும்பாலானோருக்கு அவையே போதும். ஆனால் அவை இவ்வளவு துல்லியம் அடைந்ததே, உண்மையான கணினிகளில் ஆசிலோஸ்கோப்பை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் அளந்தவர்களால்தான். ஆவணங்களில் இல்லாத நடத்தைகள் ஏராளம். அந்தக் கால நிரலாளர்கள் அவற்றையெல்லாம் கண்டுபிடித்துத் தங்கள் நிரல்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். எமுலேட்டர் சரியா என்று சோதிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் இயங்குகிற அசல் ஒன்று வேண்டும்.

பழைய மானிட்டர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். படக்குழாயில் 10,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கும், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். அதை முறையாக வெளியேற்றத் தெரியாதவர் மேக்கின்டாஷ் போன்ற ஒற்றைப் பெட்டிக் கணினிகளைத் திறக்கவே கூடாது.

கணினியோடு ஒரு பெட்டி ஃபிளாப்பிகளும் வந்திருந்தால், எல்லா வேலைக்கும் முன்னால் செய்ய வேண்டியது அவற்றைப் படித்து வைப்பது. போர்டு காத்திருக்கும். வட்டின் காந்தப் பூச்சு உதிரலாம், பூஞ்சை பிடிக்கலாம், டிரைவின் அழுக்கேறிய தலை ஒரே சுற்றில் அதைச் சுரண்டிவிடலாம். ரோம் சிப்களுக்கும் இது பொருந்தும்: மேலே கண்ணாடிச் சன்னல் உள்ள, புறஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய ஈப்ராம்கள் மின்னேற்றத்தை மெல்ல இழந்துகொண்டிருக்கின்றன. சிறியதொரு வாசிப்பான் கொண்டு அவற்றைப் படித்துக் கோப்பாக வைத்துவிட்டு, சன்னலின் மேல் ஒளி புகாத ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும்.

வட்டுகளுக்கு கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகள் இருக்கின்றன. வட்டில் என்ன கோப்புகள் இருக்கின்றன என்று அவை முதலில் கவலைப்படுவதில்லை. காந்தத் திசை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் இடையிலான நேரத்தைச் சில பத்து நானோநொடி நுணுக்கத்தில் பதிவு செய்கின்றன. எந்தக் கணினியின் வட்டு, எந்த முறையில் எழுதியது, நகலெடுக்க முடியாதபடி பூட்டியதா என்பதையெல்லாம் பிறகு மென்பொருளில் நிதானமாகப் பிரித்தெடுக்கலாம். ஒரே ஒரு முறைதான் படிக்க முடிந்தது என்றாலும் அந்தப் பதிவு மிஞ்சும். படிக்கத் தொடங்கும் முன் டிரைவின் தலையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, முக்கியமில்லாத வட்டு ஒன்றைப் போட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும். வட்டுக்கும் எழுத்துத் தடை போட வேண்டும்: 3.5 அங்குல வட்டில் மூலையிலுள்ள நகரும் மூடியைத் தள்ளித் துளையைத் திறந்து வைக்க வேண்டும், 5.25 அங்குல வட்டில் ஓரத்து வெட்டை ஒளி புகாத நாடாவால் மூட வேண்டும்.